மத்தியானத்தில் நின்ற சக்கரம்

1987 ஆகஸ்டு 11 – ரூ. 412.50
1987 செப்டம்பர் 4 – ரூ. 1,096.00
1987 அக்டோபர் 13 – ரூ. 238.25
1987 நவம்பர் 20 – ரூ. 1,770.00
1987 டிசம்பர் 29 – ரூ. 864.75
1988 ஜனவரி 22 – ரூ. 2,315.00
1988 பிப்ரவரி 19 – ரூ. 3,208.50

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த மலைப்பொருள் சங்கத்தில், கம்ப்யூட்டர் சொன்ன கணக்கும் எடைச்சீட்டின் அடிக்கட்டை சொன்ன கணக்கும் ஒத்துப்போகாத நாட்கள் இவை. எதிரே உள்ளது வித்தியாசத் தொகை. இதில் ஒரு பைசாவை யாரும் தொடவில்லை. அடிக்கட்டையை வைத்து எல்லாருக்கும் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. ஆனால் இந்தப் பட்டியலைக் காட்டித்தான் நஞ்சம்மாள் என்ற பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். பட்டியல் போட்டவர் சங்கத்தின் செக்ரட்டரி சவரிராயன்.

சவரிராயனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. சோளக்காட்டு வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கச் சாமியார் பள்ளியில் எட்டாவது படித்து, குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்ரட்டரி ஆனவர். எதையும் எழுதி வைப்பார். குடை வாங்கினால் அதன் கைப்பிடியில் தேதி இருக்கும். புது சோப்பு எடுத்தால் அட்டையில் பென்சிலால் அன்றைய தேதி. "நல்ல வேளை, தாலி கட்டுன தேதிய என் முதுகுல எழுதாம வுட்டாரு" என்று அவர் மனைவி மதலேனம்மாள் கோயில் வாசலில் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சவரிராயனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சங்கக் கட்டடத்தின் பின்கொட்டகையில் முன்பு ஒரு மாவு மில் இருந்தது. மில்காரி ராமக்காள், தெலுங்கு பேசுகிற குடும்பம், வாய் கத்தி. மில்லுக்கும் சங்கத்துக்கும் ஒரே கரண்ட் மீட்டர். பில் வந்தால் சண்டை வரும்.

"நான் ரெண்டு படி கேவுரு அரைச்சா, நீ நாலு படிக்குக் கரண்டு எழுதற, செக்ரட்டரி. உன் பேனாவுக்கு என் மில்ல வுடப் பெரிய வாயி."

அதற்குச் சவரிராயன் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் மீட்டர் முன்னால் நிற்பது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் கடைசி எண் நகர்ந்துகொண்டே இருக்கும், இருவர் கண்ணுக்கும் இரண்டாகத் தெரியும். ஆகவே மெயின் சுவிட்சை இழுத்து இறக்கி, சக்கரம் நின்றதும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஏற்றிவிடுவது. ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் ராமக்காள் சண்டைக்கு வந்ததே இல்லை. 1983-இல் அவள் மில்லை அரூருக்குக் கொண்டுபோய்விட்டாள். பங்கு போடக் கூட்டாளி இல்லை. ஆனாலும் பன்னிரண்டு மணிக்குச் சவரிராயனின் கால் தானாகப் பின்கொட்டகைக்குப் போகும். இறக்குவார், எழுதுவார், ஏற்றுவார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவருக்கும் தோன்றவில்லை.

1987 ஜூனில் பெங்களூரில் ஒரு தர்ம ஸ்தாபனம் தான் உபயோகித்துப் பழசான கம்ப்யூட்டர் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்தது. கூடவே நஞ்சம்மாளும் வந்தாள். கம்பைநல்லூர்க்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம். பி.காம். முடித்ததும், அவளைச் சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்க வைக்க அவள் அப்பா இரண்டு தறிகளில் ஒன்றை விற்றிருந்தார். முற்றத்தில் புளியும் கடுக்காயும் கொட்டி அள்ளுகிற தூசி உள்ளே வரக்கூடாதென்று கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல்களுக்கு அட்டை அடித்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது.

கணக்குப் போடுகிற புரோகிராமை அவளே எழுதினாள். மலைக்காரர் பெயர், சரக்கு, எடை, விலை, முன்பணம், பாக்கி என எல்லாம் திரையில் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இங்கிலீஷ் எழுத்தில் "வணக்கம்" என்று வரும்படி செய்திருந்தாள். சித்தேரிக் காளிக்குத் தன் பெயரைத் திரையில் பார்ப்பதில் அவ்வளவு ஆசை. செவ்வாயும் வெள்ளியும் சித்தேரி பஸ் வரும் நாள். பத்தரைக்கு வந்து இறங்குகிற கூட்டம் ஒரு மணிக்கு அதே பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். மற்ற நாட்களில் பதினொன்றரைக்கெல்லாம் நஞ்சம்மாள் வேலையை முடித்துச் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்துவிடுவாள். பஸ் நாளில் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது.

ஆகஸ்டு 11 செவ்வாய்க்கிழமை. காளி கொடுத்த தேன் கணக்கில் இல்லை.

"ஏம்மா, என் தேன உன் பொட்டி குடிச்சிட்டுதா?" என்று காளி வாசற்படியிலிருந்து கேட்டான். கூட்டம் சிரித்தது. நஞ்சம்மாளும் சிரித்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து அடிக்கட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றினாள். அடுத்த மாதம் மறுபடி போயிற்று. இந்தத் தடவை பெயர் ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது என்று குழம்பி நின்றது. அவள் ஃபிளாப்பிகளை மாற்றினாள். பெயர் வரிசை ஃபைலை அழித்துப் புதிதாகக் கட்டினாள். எலி, வெக்கை, தூசி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நவம்பர் 20 அன்று, கூட்டத்துக்கு நடுவில் புரோகிராமில் ஏதோ ஒரு வரியைத் திருத்தப் போனவள், அழாத குறையாக வெளியே வந்தாள்.

"என்னாச்சும்மா?"

"புரோகிராமே போயிடுச்சு சார். பேரு இருக்குது, உள்ள ஒண்ணுமே இல்ல. கூடு இருக்குது, குருவி இல்ல."

காகிதத்தில் நகல் இல்லை. பிரின்டருக்கு ரிப்பன் கேட்டு அவள் கொடுத்த சீட்டு சவரிராயன் மேஜையிலேயே கிடந்தது. மனப்பாடமாக நினைவில் இருந்ததை வைத்து முழுவதையும் மறுபடி எழுதினாள். "வணக்கம்" மட்டும் திரும்ப வரவில்லை. அதற்கெல்லாம் மனசு இல்லை என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், காரணம் தெரிஞ்ச மாதிரி இருக்குது. நடு வேலையில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருதுங்க. நான் அடிக்கறதெல்லாம் முதல்ல அதோட மண்டையிலதான் நிக்கும். ஃபைல மூடினாத்தான் தட்டுக்குப் போவும். அதுக்குள்ள கரண்ட் போனா எல்லாம் அம்போ. சில நாள் மூடினப்புறம் போவுது, தப்பிச்சிடுது."

"கரண்ட் எந்த ஊர்லம்மா போவல? நமக்குன்னு தனியாவா போவுது?"

"பேட்டரி வெச்ச பொட்டி ஒண்ணு வாங்கினா..."

"இங்க பாரு நஞ்சம்மா, மீட்டர தெனமும் பாக்கறவன் நானு. லைன்ல ஒரு கொறையும் இல்ல. கையில கொறைய வெச்சிக்கிட்டுக் கரண்ட்டு மேல பழியப் போடாத."

அவர் பொய் சொல்லவில்லை. கரண்ட் போவது என்றால் அவருக்கு அது எங்கிருந்தோ வந்து ஊரையே இருட்டாக்குகிற சமாச்சாரம். பின்கொட்டகையில் தம் கையால் செய்வது மீட்டர் பார்ப்பது. இரண்டும் ஒன்று என்ற நினைப்பே அவர் தலைக்குள் நுழையவில்லை. விளக்கு ஒரு நிமிஷம் அணைந்து எரிந்தால் விளக்குக்கு என்ன கேடு?

நஞ்சம்மாள் தன்னால் ஆனதைச் செய்தாள். பத்துச் சீட்டு ஏற்றியதும் ஃபைலை மூடிவிட்டு மறுபடி திறப்பாள். அந்தப் பழைய இயந்திரத்துக்கு ஒவ்வொரு தடவையும் கறகறவென்று அரைத்து முடிக்க நேரம் பிடிக்கும். வாசலில் வரிசை நிற்கும். "பஸ் போயிடும் தாயி" என்று பழனியம்மாள் மாதிரி வயதான பெண்கள் கெஞ்சுவார்கள். சவரிராயன் கதவைத் தட்டி, "என்ன, சும்மா சும்மா மூடித் தெறக்கற? எல்லாத்தையும் ஏத்திட்டுக் கடைசியில மூடு" என்றார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்றாள்.

பிப்ரவரி 19 அன்று ஏழாவது தடவை போனபோது, சவரிராயன் தேதிகளை வரிசையாக எழுதிக் கிழமை பார்த்தார். ஏழும் செவ்வாய் அல்லது வெள்ளி. அவர் முகம் தெளிந்தது. கூட்டம் வருகிற நாளில்தான் தப்பு நடக்கிறது. கூட்டத்தைக் கண்டால் இந்தப் பெண் பதறுகிறாள். பதறினால் கவனம் சிதறுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகத்தான் வந்தது.

மாதக் கடைசியில் நிர்வாகக் கூட்டம். தலைவர் இன்னாசிராஜ் அவருக்கு மருமகன் முறை. "மாமா, நீங்க சொன்னா சரி. உங்க எழுத்துக்கு மேல எனக்கு என்ன சாட்சி?" என்றார். சவரிராயன் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்: "பணியாளரின் தொடர் அலட்சியத்தால் கணக்குகள் சேதமுற்றன." நஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள்.

அவள் கத்தவில்லை. "அலட்சியம்னு எழுதுங்க சார், புத்தகம் உங்களுது. ஆனா கரண்ட் போச்சுன்னு நான் சொன்னத ஒரு வரி எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் எழுதினாப் போதும்."

"நிச்சயமா தெரிஞ்சததான் நான் எழுதறது. சந்தேகத்த எழுதறது இல்ல" என்றார் சவரிராயன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டாள். எடைபோடுகிற கோவிந்தன் ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த இடத்துக்கு இன்னாசிராஜின் கொழுந்தியாளைப் பேசி வைத்திருந்தார்கள். அவள் வருவதற்குள் இயந்திரத்தைச் சரிபார்த்து வைக்கச் சேலத்திலிருந்து வெங்கடாசலம் என்ற மெக்கானிக் ரயிலில் வந்தார். மார்ச் 18, வெள்ளிக்கிழமை. பட்டியலைப் பார்த்தவர், "பஸ் நாளாவே வருதுங்களே. நானே அந்தம்மா மாதிரி உக்காந்து ஏத்திப் பாக்கறேன்" என்று அடிக்கட்டைகளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டு அடித்தது. சவரிராயன் பின்கொட்டகைக்குப் போய் மெயினை இறக்கினார். சக்கரம் நின்றது. எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வெங்கடாசலம் வெறுங்காலோடு வெளியே வந்தார். எதிர் டீக்கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரும்பிச் சங்கத்தைப் பார்த்தார். அங்கே எல்லாம் அணைந்திருந்தது. கோவிந்தனிடம், "என்னப்பா, உங்களுக்கு மட்டும் கரண்ட் இல்ல?" என்று கேட்டார்.

"அது செக்ரட்டரி ரீடிங் பாக்கறாருங்க. இப்ப வந்துடும்" என்றான் கோவிந்தன், தராசைத் துடைத்துக்கொண்டே.

வெங்கடாசலம் கொட்டகைக்கு வந்தபோது, சவரிராயனின் ஒரு கை சுவிட்சின் மேல் இருந்தது.

"நீங்களா இறக்குனீங்க?"

"ஆமாங்க. சக்கரம் நிக்காட்டி கடைசி எண்ணு நிச்சயமாத் தெரியாது."

"தெனமுமா?"

"தெனமும்."

"இதே நேரத்துக்கா?"

பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் முன்பின் ஆனதில்லை என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார் சவரிராயன். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பஸ் நாளில் பன்னிரண்டு மணிக்கு அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்பது அப்போதுதான் அவர் கண்முன் வந்தது. கையைச் சுவிட்சிலிருந்து எடுத்தார், சூடு பட்டவர்போல.

"ஐயோ பெரியவரே, அந்தப் பொண்ணு என்னா ஆச்சு?" என்றார் வெங்கடாசலம்.

"அனுப்பிட்டோம்."

வெங்கடாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இறங்கிய குரலில், "நான் பில்லுல மின்தடைன்னு எழுதிடறேங்க. இனிமே சுவிட்ச தொடாதீங்க, அவ்வளவுதான். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். நல்ல மனிதர். நல்லதுக்குத்தான் சொன்னார். சவரிராயன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவரைப் பிறகு நெடுநாள் வதைத்தது.

அவர் ரயிலேறியதும் சவரிராயன் கோவிந்தனைக் கூப்பிட்டார். "ஏன்டா, நான் பன்னண்டு மணிக்கு மெயின எறக்கறது உனக்குத் தெரியுமில்ல? அந்தப் பொண்ணு கரண்ட் போவுது, கரண்ட் போவுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே, நீ சொல்லக்கூடாதா?"

"எங்கிட்ட யாருங்க கேட்டாங்க? அது உங்ககிட்டதான சொல்லிச்சு" என்றான் கோவிந்தன்.

அது தபசுக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். சவரிராயன் வருஷம் தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். பாவத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவர் என்று மதலேனம்மாள் கேலி செய்வதுண்டு. இந்த வருஷம் போகவில்லை. சாமியாரிடம் சொன்னால் முதலில் என்ன கேட்பார் என்பது தெரியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்பார். ஈஸ்டரான பாஸ்கா ஞாயிறன்று கோயிலில் மதலேனம்மாள் நன்மை அப்பம் வாங்க எழுந்தபோது, பாவத்தைச் சொல்லாமல் வாங்கக் கூடாதென்று இவர் முழங்காலில் இருந்தபடியே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யாரக் கொன்னுட்டு வந்தீங்க?"

சொன்னார். மதலேனம்மாள் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"கம்பைநல்லூருக்கு பஸ் இன்னிக்கும் ஓடுது" என்றாள். அவ்வளவுதான்.

நெசவாளர் தெருவில் வழி கேட்டபோது, "எந்த நஞ்சம்மா? மொரப்பூர்ல கணக்கத் தின்னுச்சே, அந்தப் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சவரிராயனுக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது. வீட்டில் ஒற்றைத் தறி கிடந்தது. இன்னொன்று இருந்த குழியை மண்போட்டு மெழுகியிருந்தார்கள். நஞ்சம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மில், ராமக்காள், சக்கரம், பன்னிரண்டு மணி. அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்னவோ, மகளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவள் ஒரே வரியில் பதில் சொன்னாள். பெரியவர் சவரிராயனைப் பார்த்துவிட்டு, மறுபடி தறியின் நாடாவைத் தட்டத் தொடங்கினார்.

"அப்ப என்னோட புரோகிராம்ல தப்பு இல்ல" என்றாள் நஞ்சம்மாள். அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

"இல்லம்மா."

"ராத்திரியெல்லாம் ஒவ்வொரு வரியா மனசுல ஓட்டிப் பாப்பேன் சார். எங்க தப்பு, எங்க தப்புன்னு." நூல் அறுந்தது, முடிச்சுப் போட்டாள். "மினிட்ஸ் புத்தகத்துல என்னா எழுதியிருக்கீங்க இப்ப?"

"அதே பழையதுதான் இருக்குது."

"அதுல எழுதிட்டு வாங்க. எங்கிட்ட சொல்றது எதுக்கு? எனக்கு முன்னாடியே தெரியும், கரண்ட் போச்சுன்னு."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் பஸ்ஸில் வரும்போது பல தடவை சொல்லிப் பார்த்திருந்தார். அந்த வீட்டில் அதை வைக்க இடம் இருக்கவில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இன்னாசிராஜ் குதித்தார். "என்ன மாமா இது? இத எழுதி வெச்சா பெங்களூர்க்காரன் பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவான். வேலைக்கும் ஆள் வந்தாச்சு. நீங்களும் ரிட்டயர் ஆவப்போறீங்க. போனது போவுது, வுடுங்க."

"நிச்சயமா தெரிஞ்சத எழுதறவன்னு சொல்லித்தான் அந்தப் பொண்ணு வாய மூடினேன். இப்ப நிச்சயமா தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சவரிராயன் சிவப்பு மையை எடுத்தார். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினார்: "மேற்கண்டது தவறு. சேதத்துக்குக் காரணம் செக்ரட்டரியாகிய நான் தினமும் மெயின் சுவிட்சை இறக்கியதே. கரண்ட் தடைபடுவதைப் பணியாளர் நஞ்சம்மாள் முன்பே என்னிடம் தெரிவித்தார். நான் கேட்கவில்லை." கையெழுத்தும் தேதியும் போட்டார். இன்னாசிராஜ் கையெழுத்துப் போட மறுத்து எழுந்து போனார். நஞ்சம்மாளுக்குப் பழைய வேலையைத் திருப்பித் தரச் சவரிராயனால் முடியவில்லை.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து நஞ்சம்மாளுக்கு அனுப்பினார். பதில் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒன்று எழுதினார். பதில் இல்லை. அக்டோபரில் ஓசூர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, நஞ்சம்மாள் எங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார், உங்களிடம் வேலை பார்த்தபோது நடத்தை எப்படி என்று சங்கத்துக்குக் கேட்டு எழுதியிருந்தார்கள். தலைவருக்குக் காட்டாமல், மினிட்ஸ் நகலை இணைத்துச் சவரிராயனே பதில் எழுதினார். எழுதியிருப்பதை அவளுக்கும் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். அது மூன்றாவது.

அதற்குள் அவர் பின்கொட்டகைக்குப் போவதை விட்டிருந்தார். பன்னிரண்டு அடிக்கும்போது மட்டும் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அடுத்த அறையில் புதிய பெண் தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்கும். மலைக்காரர் கணக்கு அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பிசகாத ஒவ்வொரு பஸ் நாளும் அவருக்கு எதிரான சாட்சியாகவே இருந்தது. "அந்தப் பொண்ணு இருந்தப்ப என் பேருக்கு முன்னால என்னமோ ஒண்ணு வரும், இப்ப வரதில்லையே" என்று காளி ஒரு நாள் கேட்டான். சவரிராயன் அடிக்கட்டையைப் புரட்டினார்.

பொங்கல் லீவு முடிந்து திறந்த அன்று, சித்தேரிக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தபால்காரர் ஒரு இன்லண்டு லெட்டரைக் கொடுத்தார். ஓசூர் முத்திரை. எழுத்து அச்சுப்போல் இருந்தது.

"சார், இங்கே வேலையில் சேர்ந்துவிட்டேன். நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று மேனேஜர் சொன்னார். உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. மினிட்ஸ் பக்கத்தைத் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னார் அப்பா; காட்டினேன். இங்கே பேட்டரிப் பெட்டி இருக்கிறது. பழைய புரோகிராம் முழுவதும் இன்னும் நினைவில் இருக்கிறது, மறக்க முயற்சி செய்கிறேன். அதனால் இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். நஞ்சம்மாள்."

சவரிராயன் அதை மடித்தார். மறுபடி பிரித்தார். முற்றத்தில் கோவிந்தன் எடை கூவிக்கொண்டிருந்தான். மேஜை டிராயரைத் திறந்து பேனாவை எடுத்து, வருகிற எந்தக் காகிதத்துக்கும் போடுவதுபோல் அதன் மூலையிலும் எழுதினார்.

வரப்பெற்றது: 17-1-1989, செவ்வாய்க்கிழமை.